ஜாதிக்காய் ஹலாலா, ஹராமா? – ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் வந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. "ஹஜ்ரத், நாப்பது வருஷமா நான் ஜாதிக்காய் போட்டுத்தான் பிரியாணி மசாலா அரைக்கிறேன். வளைகுடாவிலேர்ந்து வந்த என் மகன், இது ஹராம்னு சொல்லி டப்பாவோட குப்பையிலே கொட்டிட்டான். இத்தனை நாளா என் பிள்ளைகளுக்கு நான் ஹராமையா ஆக்கிப் போட்டேன்?" என்று கேட்டார்.

நான் அவருக்கு ஆறுதல் கூறி அனுப்பினேன். அடுத்த வாரப் பயானிலும், "ஜாதிக்காய் ஹலால்தான், ஐயம் வேண்டாம்" என்று ஒற்றை வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஓர் அதிகாலையில் தொலைபேசி ஒலித்தது. கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மஹல்லா மாணவன் ஒருவனை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக அவனுடைய தந்தை அழுதுகொண்டே கூறினார். விரைந்து சென்று பார்த்தேன். முகம் சிவந்து, நா வறண்டு, நெஞ்சு படபடக்க, தான் எங்கிருக்கிறோம் என்பதே புரியாமல் கிடந்தான். நண்பர்களின் தூண்டுதலால் ஜாதிக்காய்ப் பொடியைக் கரண்டி கரண்டியாகத் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கிறான். இரண்டு நாட்களில், அல்ஹம்துலில்லாஹ், தெளிவு பெற்றான். அப்போது அவன் என்னிடம் சொன்ன சொல் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது: "நான் சாராயம் குடிக்கலை ஹஜ்ரத். கஞ்சா தொடலை. நீங்கதானே இது ஹலால்னு பயான்ல சொன்னீங்க!"

அன்புச் சகோதர சகோதரிகளே! அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை பிழையன்று. ஆயினும் அது பாதி விடை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டது என் குறை. அந்தக் குறையைப் போக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். இந்தச் சிறு காயைப் பற்றி நம் முன்னோரான மார்க்க மேதைகள் 450 ஆண்டுகளுக்கு முன்பே மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

மணம் பிறந்த மண்

இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், மலுக்குத் தீவுகளைச் சார்ந்து, பண்டாத் தீவுகள் எனப்படும் சிறு தீவுக்கூட்டம் ஒன்று கடல் நடுவே அமைந்துள்ளது. ஜாதிக்காய் மரத்தின் தாயகம் அதுவே. இம்மரத்தின் பழம் முற்றியதும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே கருநிறக் கொட்டையைச் சுற்றிச் சிவந்த வலை போன்ற ஓர் உறை இருக்கும். அந்த உறையே நாம் ஜாதிபத்திரி என்று அழைக்கும் பொருள். கொட்டையின் ஓட்டை உடைத்தால் கிடைக்கும் பருப்பே ஜாதிக்காய். இன்று கேரளத்திலும் நம் குற்றாலம், குமரி மாவட்ட மலைச்சரிவுகளிலும் இம்மரம் பயிரிடப்படுகிறது. ஆனால் 18ஆம் நூற்றாண்டு வரை உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காய் பண்டாத் தீவுகளிலிருந்தே வந்தது.

அரபு மக்கள் இதனை 'ஜவ்ஸத்துத் தீப்', அதாவது 'மணக்கும் கொட்டை' என்று அழைத்தார்கள். மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் இதனை 'ஜவ்ஸ் பவ்வா' என்ற பெயரில் குறிப்பிட்டு, வாய் மணத்திற்கும் வயிற்றுக்கும் ஏற்ற மருந்தாகக் கூறுகிறார். ஆயினும் இது எந்த மரத்தில் விளைகிறது என்பதைப் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. கி.பி. 14ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதாகூட, கிராம்பு மரத்தின் கனியே ஜாதிக்காய் என்று எழுதிவிட்டார். பல கைகள் மாறி, பல கடல்கள் தாண்டி வந்த பொருள் அல்லவா!

மலாக்காத் துறைமுகத்தில் ஜாவா வணிகர்களிடமிருந்து குஜராத்திகளும், நமது சோழமண்டலக் கரை வணிகர்களும், அரபுகளும் இதனை வாங்கினர். அங்கிருந்து ஏடனுக்கும் ஜித்தாவுக்கும் கெய்ரோவுக்கும் சென்றது. வணிகம் சென்ற வழியே எதிர்த்திசையில் இஸ்லாமும் சென்றது. 1512இல் போர்த்துக்கீசியர் முதன்முதலாகப் பண்டாவில் கால் வைத்தபோது அத்தீவினர் பலர் இஸ்லாத்தைத் தழுவி ஒரு தலைமுறைக் காலம் ஆகியிருந்தது.

புனித நகரங்களில் எழுந்த வினா

ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டு, அதாவது கி.பி. 16ஆம் நூற்றாண்டு, மார்க்க அறிஞர்களுக்குப் பெரும் சோதனைக் காலமாக இருந்தது. குர்ஆனிலும் நபிமொழிகளிலும் பெயர் குறிப்பிடப்படாத புதிய புதிய பொருள்கள் மக்களின் பழக்கத்தில் நுழைந்தன. 1511இல் மக்காவில் காபிக்குத் தடை விதிக்கப்பட்டதும், பின்னர் அது அனுமதிக்கப்பட்டதும் நாம் அறிந்த வரலாறு. எமனிலிருந்து 'காத்' இலை பற்றிய கேள்விகள் வந்தன. அபின், கஞ்சா பற்றிய விவாதங்கள் முன்னரே நடந்துகொண்டிருந்தன. இவ்வரிசையில், சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் அமைதியாக இருந்த ஜாதிக்காயும் விசாரணைக்கு வந்தது.

காரணம், சிலர் இதனை மணத்திற்காக அல்லாமல் மயக்கத்திற்காகவே உண்ணத் தொடங்கியிருந்தனர். இது கூடுமா, கூடாதா என்பது பற்றி ஹரமைன் ஷரீஃபைனிலும் எகிப்திலும் கருத்து மோதல் உண்டாயிற்று. வினா, மக்காவில் வாழ்ந்த மாபெரும் ஷாஃபிஈ சட்ட மேதை இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம் வந்தது. எகிப்தில் ஹிஜ்ரி 909இல் பிறந்து, அல்அஸ்ஹரில் பயின்று, மக்காவில் குடியேறி, ஹிஜ்ரி 974இல் மறைந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய 'துஹ்ஃபா' நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ ஆலிம்களுக்கு நன்கு அறிமுகமான நூல்.

இமாம் அவர்கள் தெளிவாகப் பதிலளித்தார்கள்: ஜாதிக்காய் அறிவை மறைக்கும் தன்மை உடையது, ஆகவே அது விலக்கப்பட்டதாகும். இதற்குச் சான்றாக, ஹிஜ்ரி 702இல் மறைந்த இமாம் இப்னு தகீகில் ஈத் (ரஹ்) அவர்கள் இதனைப் போதைப் பொருளாகவே கணித்திருப்பதை எடுத்துக்காட்டினார்கள். மேலும், ஹிஜ்ரி 808இல் மறைந்த இப்னுல் இமாத் (ரஹ்) அவர்கள் கஞ்சாவின் சட்டத்தை விளக்கும்போது ஜாதிக்காயை அடிப்படையாக வைத்து அதனுடன் கஞ்சாவை ஒப்பிட்டதையும் சுட்டிக்காட்டினார்கள். சற்றே சிந்தியுங்கள்! நாம் கஞ்சாவைத்தான் அறிந்த போதையாகக் கருதி, ஜாதிக்காயை அதனுடன் ஒப்பிடுவோம். அக்காலத்து அறிஞரோ ஜாதிக்காயின் மயக்கத்தை அறிந்த செய்தியாக வைத்து, கஞ்சாவை அதனுடன் ஒப்பிட்டிருக்கிறார்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பெரும்பாவங்களைத் தொகுத்துரைத்த 'அஸ்ஸவாஜிர்' என்ற நூலில், கஞ்சா, அபின், பன்ஜ் எனும் ஊமத்தை இனச் செடி, அம்பர், குங்குமப்பூ ஆகியவற்றுடன் ஜாதிக்காயையும் ஒரே தலைப்பில் சேர்த்திருக்கிறார்கள். அத்தலைப்பில் இவற்றைத் 'தூய்மையான போதைப் பொருள்' என்று குறிப்பிடுகிறார்கள். மது போதை தருவதோடு அசுத்தமும் ஆகும். ஆடையில் பட்டால் கழுவ வேண்டும். இவையோ திடப்பொருள்கள், தம்மளவில் அசுத்தமல்ல. அறிவை மறைக்கும் அளவுக்கு உண்பதுதான் குற்றம். குங்குமப்பூவும் அம்பரும் இப்பட்டியலில் இருப்பதே நமக்குப் பாடம். குங்குமப்பூ கலந்த பாலை யாரும் ஹராம் என்று சொல்வதில்லை அல்லவா?

ஆசிரியர் காட்டிய அளவுகோல்

இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவர் எகிப்தின் இமாம் ஷிஹாபுத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்கள். ஹிஜ்ரி 957இல் மறைந்த அப்பெருந்தகையிடமும் இதே வினா கேட்கப்பட்டது. அவர்கள் அளித்த ஃபத்வா மிகச் சுருக்கமானது: குறைந்த அளவு கூடும், அதிக அளவு ஹராம்.

இதே போன்ற கருத்து மாலிக்கீ மத்ஹபு நூல்களிலும் காணப்படுகிறது. மூளைக்குச் சூடேற்றும் மருந்தாகச் சிறிதளவு ஜாதிக்காய் உண்பதை அவர்களுள் சிலர் அனுமதித்தனர். வேறு சிலர், பிற மருந்துகளுடன் கலந்து உண்ண வேண்டும் என்று நிபந்தனை விதித்தனர்.

இவ்விடத்தில் கற்றறிந்த இளைஞர்கள் ஒரு கேள்வி எழுப்பக் கூடும். எதன் மிகுதி போதை தருகிறதோ அதன் குறைவும் விலக்கப்பட்டதே என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறதே, அதற்கு என்ன விடை? நியாயமான கேள்வி. அந்த மூதாட்டியின் மகன் டப்பாவைக் கொட்டியதற்கும் இந்த நபிமொழியே காரணம். இன்றும் சில அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொண்டு, ஜாதிக்காயைச் சிறிதளவும் கூடாது என்கின்றனர். அவர்களின் பேணுதலை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிறிதளவை அனுமதித்த அறிஞர்கள் தரும் விளக்கம் வருமாறு: அந்த நபிமொழி மதுவையும் மது போன்ற போதைப் பானங்களையும் பற்றியது. அவை போதைக்காகவே உருவாக்கப்படுபவை. ஒரு மிடறு அடுத்த மிடற்றுக்கு அழைக்கும். உணவாகவும் மருந்தாகவும் பயன்படும் திடப்பொருள்களின் நிலை வேறு. அவற்றில் அறிவைப் பாதிக்கும் அளவே விலக்கப்பட்டது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' என்ற நூலிலும், மது அருந்தியவருக்குரிய 'ஹத்து' தண்டனை இத்தகைய திடப்பொருள்களை மிகுதியாக உண்டவருக்கு இல்லை, 'தஃஸீர்' எனும் திருத்தும் தண்டனையே உண்டு என்று பிரித்துக் காட்டப்பட்டுள்ளது.

ஆனால் ஒன்றில் இவ்விரு தரப்பாருக்கும் இடையே கருத்து வேறுபாடே இல்லை. மயக்கம் தரும் அளவு ஜாதிக்காயை உண்பது ஹராம். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று, அறிவை மறைப்பது எதுவோ அதுவே மது என்று விளக்கமளித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் போதை தரும் பொருளோடு, உடலையும் உணர்வையும் தளரச் செய்யும் பொருளையும் தடுத்தார்கள் என்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பெயர் எதுவாயினும், கடையில் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தாலும், அறிவை மறைக்க உண்ணப்படும் பொருள் அந்தச் சட்டத்திற்குள் வந்துவிடுகிறது. இதுதான் நான் பயானில் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி.

பண்டாவில் நிகழ்ந்த கொடுமை

மக்காவிலும் கெய்ரோவிலும் மார்க்க அறிஞர்கள் இந்தக் காயை ஷரீஅத்தின் தராசில் நிறுத்தார்கள். கடலுக்கு அப்பால் வேறு சிலர் இதனைப் பொன்னின் தராசில் நிறுத்தார்கள். உணவிற்குச் சுவையூட்டுவது மட்டுமன்றி, பிளேக் நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் ஐரோப்பாவில் இதன் விலையை வானளவு உயர்த்தியிருந்தது.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பண்டாவின் ஜாதிக்காய் தனக்கு மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று அத்தீவினரை நிர்ப்பந்தித்தது. அவர்களோ காலங்காலமாக எல்லா நாட்டு வணிகருக்கும் விற்று, பதிலுக்கு அரிசியும் துணியும் பெற்று வாழ்ந்தவர்கள். அவர்கள் இணங்கவில்லை. 1621இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பெரும்படையுடன் வந்து லொந்தோர் தீவைக் கைப்பற்றினான். ஸெலமோன் என்ற ஊரின் பள்ளிவாசலையே டச்சு அதிகாரிகள் தங்குமிடமாக்கிக் கொண்டனர். ஓர் இரவு அப்பள்ளியில் தொங்கிய விளக்கு ஒன்று தானாக அறுந்து விழுந்தது. அது தாக்குதலுக்கான சமிக்ஞை என்று கருதி அஞ்சிய அதிகாரிகள் மக்கள் மீது பாய்ந்தனர். 'ஓராங் காயா' எனப்பட்ட ஊர்த்தலைவர்கள் 44 பேர், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஜப்பானியப் போர்வீரர்களின் வாளுக்கு இரையாயினர்.

சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் அத்தீவுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேரே எஞ்சினர். மற்றவர்கள் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர், படகேறித் தப்பினர். தப்பியவர்களின் சந்ததியினர் காய் தீவுகளிலுள்ள பண்டா ஏலி, பண்டா ஏலாட் என்ற ஊர்களில் முஸ்லிம்களாக, தங்கள் பழைய மொழியைக் காத்தவண்ணம் வாழ்ந்துவருகின்றனர். வெறிச்சோடிய தோட்டங்கள் 68 பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளின் உழைப்பால் நடத்தப்பட்டன. வேறு நாட்டில் முளைத்துவிடக் கூடாது என்பதற்காகக் காய்களைச் சுண்ணாம்பு நீரில் தோய்த்தே டச்சுக்காரர் ஏற்றுமதி செய்தனர். 1667ஆம் ஆண்டின் பிரெடா உடன்படிக்கையில், பண்டாவின் ரன் என்ற சின்னஞ்சிறு தீவு டச்சுக்காரருக்கு உறுதியாயிற்று. இன்று நியூயார்க் நகரின் இதயமாக விளங்கும் மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடம் தங்கிற்று.

அறிவை மறைப்பது ஜாதிக்காயின் மிகுதி மட்டுமன்று, பேராசையின் மிகுதியும்தான் என்பதற்குப் பண்டாவின் வெறிச்சோடிய கரைகளே சாட்சி.

அளவு மீறியோர் சொன்ன சாட்சியம்

ஜாதிக்காயின் விலையை நன்கறிந்த ஐரோப்பியர், அதன் மயக்கத்தைச் சிறிது சிறிதாகவே அறிந்தனர். 1576இல் லோபெலியஸ் என்ற மூலிகை அறிஞர், கர்ப்பிணியான ஆங்கிலப் பெண் ஒருவர் பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காய்களை உண்டு வெறி கொண்டவராக ஆனதை எழுதிவைத்தார். 1829இல் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே, மூன்று காய்களைத் தாமே உண்டு சோதித்தார். கனவும் நனவும் ஒன்றோடொன்று கலந்து, காலமும் இடமும் குழம்பிய நிலையை அவர் பதிவு செய்தார்.

20ஆம் நூற்றாண்டில் இதற்கு ஒரு முக்கியமான சாட்சி கிடைத்தது. அவரை நாம் அனைவரும் அறிவோம். 1946இல் திருட்டுக் குற்றத்திற்காக அமெரிக்காவின் சார்ல்ஸ்டவுன் சிறையில் அடைக்கப்பட்ட ஓர் இளைஞர், கைவசம் இருந்த போதைப் பொருள் தீர்ந்ததும், சிறைச் சமையலறையில் வேலை செய்த கைதிகளிடமிருந்து தீப்பெட்டி அளவு ஜாதிக்காய்ப் பொடியை வாங்கித் தண்ணீரில் கலந்து குடித்தார். அவர்தாம் பின்னாளில் மால்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த தலைவர். தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் இதனை மறைக்காமல் கூறியுள்ளார். அதே சிறைவாசத்தின்போதுதான் அவருடைய உடன்பிறந்தோரின் கடிதங்கள் அவரைப் போதையிலிருந்தும் புகையிலிருந்தும் விலக்கின. நூல்கள் அவருக்குத் தோழர்களாயின. 1964இல் ஹஜ் செய்து அல்ஹாஜ் மாலிக் அஷ்ஷஹ்பாஸ் ஆனார்; 1965 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் மக்காவில் அமர்ந்து எந்த விளைவை எழுதினார்களோ, அதே விளைவை அதே மக்காவிற்குப் பின்னாளில் வந்து சேர்ந்த ஒருவரின் வாழ்வு உறுதிப்படுத்திற்று. ஆயினும், மயக்கத்தில் கிடந்தவரையும் அல்லாஹ் எழுப்பி நிறுத்துவான் என்பதே அவர் வாழ்வு தரும் பெரிய பாடம்.

மருத்துவம் கூறுவது என்ன?

ஜாதிக்காயில் ஆவியாகும் தன்மையுள்ள ஒரு நறுமண எண்ணெய் உள்ளது. அதில் மிரிஸ்டிசின், எலிமிசின் ஆகிய பொருள்கள் இருக்கின்றன. மயக்கத்திற்கு முக்கியக் காரணம் இவையே என்று அறிவியலார் கருதுகின்றனர். ஏறத்தாழ 5 கிராம், அதாவது நடுத்தரமான ஒரு காயின் எடை அளவுக்கு ஒருவர் ஒரே வேளையில் உண்டாலே நச்சு விளைவுகள் தோன்றியதாக மருத்துவப் பதிவுகள் கூறுகின்றன. குமட்டல், நா வறட்சி, முகச் சிவப்பு, நெஞ்சுப் படபடப்பு, காரணமற்ற பேரச்சம், இல்லாதவற்றைக் காணுதல் ஆகியவை அவ்விளைவுகள்.

இதில் ஒரு பெரும் ஆபத்து மறைந்திருக்கிறது. மது அருந்தினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஜாதிக்காயின் விளைவோ பெரும்பாலும் 3 முதல் 6 மணி நேரம் கழித்தே தொடங்குகிறது. ஒன்றும் ஆகவில்லையே என்று எண்ணி மேலும் உண்பவர், இரு மடங்கு நஞ்சை உடலில் ஏற்றிக்கொள்கிறார். எங்கள் மஹல்லா மாணவனுக்கு நேர்ந்தது இதுவே. தொடங்கிய விளைவு ஒரு நாள், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். இதனை முறிக்கத் தனி மருந்து கிடையாது. மருத்துவமனையில் கண்காணித்துத் துணைச் சிகிச்சை அளிப்பதே வழி.

இப்போது நம் பிரியாணியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ அரிசிக்கு மிஞ்சிப்போனால் அரைக் காய், அதாவது சுமார் 3 கிராம் போடுவார்கள். பத்துப் பேர் உண்டால் ஒருவருக்கு 0.3 கிராம். மயக்கம் தரும் அளவில் அது 15இல் ஒரு பங்குகூட அன்று. இமாம் ரம்லீ (ரஹ்) அவர்கள் குறைவு என்றும் அதிகம் என்றும் பிரித்த கோடு, இன்றைய தராசிலும் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

1995இல் குவைத்தில் மருத்துவர்களும் மார்க்கச் சட்ட அறிஞர்களும் ஒன்றுகூடிய கருத்தரங்கிலும் இதே முடிவு எட்டப்பட்டது. உணவின் மணத்திற்காக, தளர்ச்சியோ மயக்கமோ தராத சிற்றளவில் ஜாதிக்காயைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை என்று அவர்கள் அறிவித்தனர்.

நம் இல்லங்களில் பேண வேண்டியவை

தாய்மார்களே! உங்கள் மசாலாவில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய் இருப்பதற்காக மனம் கலங்காதீர்கள். அதே வேளையில், பேணுதலுக்காக அதனை உண்ணாமல் தவிர்ப்பவரைக் கேலி செய்யாதீர்கள்.

கைக்குழந்தைகள் அழாமல் உறங்க வேண்டும் என்பதற்காக ஜாதிக்காயை உரைகல்லில் உரைத்துப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. என்னையும் என் உம்மாவின் தாயார் அவ்வாறே உறங்க வைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று அவர்கள் அறிந்தது அவ்வளவே. இன்றோ அதன் தன்மையை நாம் அறிந்துவிட்டோம். பெரியவருக்குச் சிறிதளவாக இருப்பது, நான்கு கிலோ எடையுள்ள பச்சிளம் குழந்தைக்குச் சிறிதளவு ஆகாது. மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு புகட்டாதீர்கள். கர்ப்பிணிப் பெண்களும் மருந்து என்ற பெயரில் இதனை மிகுதியாக உண்ணலாகாது.

தந்தைமார்களே! போதை என்றால் சாராயக் கடை, கஞ்சாப் பொட்டலம் என்று மட்டும் எண்ணி நிம்மதியாக இராதீர்கள். அறிவை மறைக்க ஒருவன் முடிவு செய்துவிட்டால் அஞ்சறைப் பெட்டியும் அவனுக்குப் போதும். பிள்ளைகளிடம் மனம் விட்டுப் பேசுங்கள். யாரேனும் மிகுதியாக உண்டுவிட்டதாகத் தெரிந்தால், திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன உண்டான், எவ்வளவு உண்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஹஜ், உம்ரா, வேலை ஆகியவற்றிற்காகப் பயணம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. சவூதி அரேபியாவில் ஜாதிக்காய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு. வளைகுடா நாடுகள் பலவற்றில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாசத்தோடு கட்டித் தரும் மசாலாப் பொட்டலம் பிள்ளையைச் சிறையில் தள்ளிவிடக் கூடாது. செல்லும் நாட்டின் சட்டத்தைக் கேட்டறிந்து பொருள்களைக் கட்டுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் கற்ற ஒரு நபிமொழியைக் கொண்டு பெற்றோரின் நாற்பது ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஐயம் எழுந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். ஆலிம்களாகிய நாங்களும் கேட்கப்படும் வினாவிற்கு முழு விடையைக் கூறக் கடமைப்பட்டவர்கள். ஹலால் என்று சொல்லும்போது அதன் எல்லையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதனை நான் ஒரு மாணவனின் மருத்துவமனைக் கட்டிலருகே நின்று கற்றுக்கொண்டேன்.

பின்னர் ஒரு நாள் அந்த மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். இங்கே எழுதியவற்றையெல்லாம் அவரிடமும் அவருடைய மகனிடமும் சேர்த்தே விளக்கினேன். மகன் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு மனசுக்குச் சரியாப் படலை ஹஜ்ரத், நான் சாப்பிடமாட்டேன். ஆனா உம்மா செய்தது ஹராம்னு இனிச் சொல்லமாட்டேன்" என்றார். தாய் சிரித்தார். "அவனுக்குத் தனியா ஆக்கிடறேன் ஹஜ்ரத்" என்றார். மார்க்கத்தில் கருத்து வேறுபாட்டைக் கையாளும் ஒழுங்கை அந்த வீட்டில் கண்டு மனம் நிறைந்து திரும்பினேன்.

வல்ல அல்லாஹ் வானத்தை உயர்த்தித் தராசையும் அமைத்திருப்பதாகவும், அந்தத் தராசில் வரம்பு மீறலாகாது என்றும் தன் திருமறையில் உணர்த்துகிறான். நம் உணவிலும், மருந்திலும், வணிகத்திலும், பேச்சிலும் அந்த அளவைப் பேணி வாழும் நற்பேற்றை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அவன் வழங்குவானாக! நம் பிள்ளைகளின் அறிவை எல்லாவித மயக்கங்களிலிருந்தும் பாதுகாப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.